நிறுத்த நினைத்தால்

அந்த வகுப்புக்குக் கால அட்டவணையில் இருந்த பெயர் 'மாணவர் வெற்றி'. பிள்ளைகள் வைத்த பெயர் 'அட்வைஸ் பீரியட்'. எந்தத் துறையில் சேர்ந்தவரானாலும் முதல் பருவத்தில் அதைப் படித்தே ஆக வேண்டும். பாடம் எடுத்தவர்கள் பேராசிரியர்கள் அல்ல, மாணவர் ஆலோசனை அறையில் வேலை பார்த்த இரண்டு பேர். ஒருத்தி, இந்தக் கதையின் அக்கா. இன்னொருவர் கமா சார். ஒரு வாக்கியத்தைத் தொடங்குவார், நடுவில் நிறுத்தி ஜன்னலைப் பார்ப்பார், எதிரில் இருப்பவன் சரி முடித்துவிட்டார் என்று எழுந்திருக்கும்போது மீதியைச் சொல்வார். அதனால் வந்த பெயர் அது. அவருக்கும் தெரியும், கோபப்பட்டதில்லை.

அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. அடுத்த தெருவில் இருந்த தங்கைக்கு ஒரே மகள். அந்தப் பெண் பேசத் தொடங்கிய நாளிலிருந்து வாய் மூடியதே இல்லை என்பதால் இரண்டு வீட்டிலும் அவளுக்குப் பெயர் ரேடியோ. கடைக்குப் போய் உப்பு வாங்கி வரச் சொன்னால், உப்பு கொஞ்சமாகவும் கதை நிறையவுமாகத் திரும்பி வருவாள். பெரியம்மா என்றால் அவளுக்கு உயிர். பெரியம்மாவுக்கும் அப்படித்தான்.

வகுப்புக்கென்று ஒரு பாடநூல் இருந்தது. கனமான, வழவழப்பான புத்தகம். விலையும் கனம். வாங்கியவர்கள் குறைவு. மற்றவர்கள் நகலுக்கு நகல் எடுத்து, கடைசியில் பாதி வரிகளை இயந்திரம் தின்றுவிட்ட தாள்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாள் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மேடம், சிக்கனமா இருக்க அஞ்சு வழின்னு இந்த புக்ல ஒரு பாடம் இருக்கு. முதல் வழியை விட்டுட்டாங்க. இந்த புக்கை வாங்காம இருக்கிறது" என்றாள். வகுப்பு சிரித்தது. அக்காவும் சிரித்தாள். ஆனால் அன்று முழுவதும் அது அவளைக் குடைந்துகொண்டே இருந்தது.

அப்போதுதான் கமா சார் இணையத்தில் ஒரு திறந்த பாடநூலைக் கண்டுபிடித்தார். எங்கோ தொலைவில் இருந்த ஒரு கல்லூரியின் ஆலோசகர்கள் சிலர் சேர்ந்து எழுதியது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், கூட்டலாம், குறைக்கலாம், மொழிபெயர்க்கலாம், எழுதியவர்கள் பெயரைச் சொன்னால் போதும் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. அக்கா அதை நம்பாமல் இரண்டு முறை படித்தாள்.

"இதுல ஏதாவது வில்லங்கம் இருக்குமா சார்?"

"இல்ல மேடம்... நானும் தேடிப் பார்த்தேன்... நல்ல மனசு மட்டும்தான் இருக்கு."

அந்த விடுமுறை முழுவதும் இருவரும் ஆலோசனை அறையில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளின் பிரச்சினைகளை எடுத்துவிட்டு இந்த ஊர்ப் பிள்ளைகளின் பிரச்சினைகளை வைத்தார்கள். தூரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பெண், கடையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற பையன், ஆங்கிலத்தைக் கண்டால் பயந்து ஒதுங்குகிறவன் என்று ஒவ்வொருவராக அக்கா உள்ளே கொண்டுவந்தாள். குறிப்பெடுப்பது, பரீட்சை பயம், பேராசிரியரிடம் தயங்காமல் போய்க் கேட்பது எல்லாம் அவள் கை. எழுத எழுத அவளுக்கே தன்னிடம் இவ்வளவு இருந்ததா என்று ஆச்சரியமாக இருந்தது.

எட்டாவது பாடத்தைக் கமா சார் தனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். மூலத்தில் அது இரண்டு பக்கம். அவர் அதை ஐந்து பக்கமாக்கினார். தலைப்பு, 'நிறுத்த நினைத்தால்'. படிப்பு ஓடவில்லை என்று தெரிந்தால் முதலில் யாரைப் பார்ப்பது, துறை மாறுவது எப்படி, விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஓர் ஆண்டு விலகி இருப்பதற்கும் சொல்லாமல் நின்றுவிடுவதற்கும் என்ன வித்தியாசம், இதுவரை எடுத்த மதிப்பெண்களை இழக்காமல் வெளியே போவது எப்படி, வீட்டில் எப்படிச் சொல்வது. எல்லாம் தெளிவாக, பயமுறுத்தாமல் இருந்தது.

"நானே ரெண்டாவது வருஷம் நின்னவன்தான் மேடம்" என்றார். அக்காவுக்கு அது புதுச் செய்தி. "மூணு வருஷம் கழிச்சு திரும்பி வந்தேன்... யாரோ ஒரு கிளார்க் பிடிச்சு வெச்சு லீவுன்னு எழுதி வாங்கினதால... வர முடிஞ்சுது."

புத்தகம் தயாரானதும் முதல்வர் ஒரு கூட்டம் போட்டார். அவர் கெட்டவர் அல்லர். பாதியில் நின்றுபோகிற பிள்ளைகளின் எண்ணிக்கை அவர் தலைமேல் கத்தியாகத் தொங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கணினியில் புத்தகத்தை ஓடவிட்டுப் பார்த்தவர் எட்டாவது பாடத்தில் நின்றார்.

"பரவாயில்லையே! புத்தகத்தை இலவசமா குடுக்கிறோம். வெளிய போற வாசலுக்கு அம்புக்குறியும் சேர்த்துக் குடுக்கிறோமா?"

எல்லோரும் சிரித்தார்கள். "பார்த்துச் செய்யுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பக்கத்துக்குப் போனார். எடுத்துவிடு என்று சொல்லவில்லை. அந்த வாரத்துக்குள் அவர் அதை மறந்தேவிட்டிருப்பார்.

எடுத்தது அக்காதான். பதிப்பாளரைக் கேட்க வேண்டாம், அச்சுக்கூடத்துக்குப் போக வேண்டாம். பக்கங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அழுத்தினாள், ஒன்பதாவது பாடம் எட்டாவது ஆனது. முதல்வருக்குப் பயந்து மட்டும் அவள் அதைச் செய்யவில்லை. அவளுக்கே அந்தப் பாடம் பிடிக்கவில்லை. தன்னிடம் வருகிற பிள்ளை நிற்காது என்பதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. அழுதுகொண்டு வருகிறவர்களைப் பேசிப் பேசித் திரும்ப வகுப்புக்கு அனுப்புவதுதான் அவளுக்குத் தெரிந்த வேலை. போகலாம் என்று எழுதி வைத்தால் போகாதவனும் போவான் என்று நினைத்தாள்.

தாழ்வாரத்தில் கமா சாரைப் பார்த்து விஷயத்தைச் சொன்னாள்.

"அவர் எடுக்கச் சொன்னாரா... நீங்களா எடுத்தீங்களா?"

"இப்போதைக்கு எடுத்திருக்கேன் சார். அடுத்த பதிப்புல சேர்த்துக்கலாம்."

"சரி" என்றார். பிறகு, "என் பேரையும் எடுத்துடுங்க" என்றார்.

அக்காவுக்கு அது சுருக்கென்றது. ஐந்து பக்கத்துக்கு இவ்வளவு ரோஷமா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே பெயரை எடுத்தாள். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் வேறு ஊரில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்துக்கு மாறிப் போய்விட்டார். வழியனுப்பு விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அதே ஆண்டுதான் ரேடியோ கல்லூரியில் சேர்ந்தாள். கணக்கியல் துறை. தேர்ந்தெடுத்தது அக்கா. தங்கைக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது, "நீ சொன்னா சரிக்கா" என்றாள். ரேடியோவுக்கு வேறு எதன்மேலும் பெரிய ஆசை இருந்ததாகச் சொல்ல முடியாது. பெரியம்மா வேலை பார்க்கும் இடத்தில் படிப்பது என்பதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. 'மாணவர் வெற்றி' வகுப்பில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, எல்லாக் கேள்விக்கும் கையைத் தூக்கி, வகுப்பிலேயே முதலாவதாக வந்தாள். மற்ற பாடங்களைப் பற்றி அக்கா கேட்டபோது, "போகுது பெரியம்மா" என்றாள். அக்கா அதற்குமேல் கேட்கவில்லை.

புத்தகம் நன்றாகப் பரவியது. முதலில் பக்கத்துக் கல்லூரி ஒன்று எடுத்துக்கொண்டது, பிறகு இன்னும் பல. அக்காவைப் பேசக் கூப்பிட்டார்கள். இலவசப் பாடநூல்கள் மாணவர்களின் வாழ்க்கையை எப்படி மாற்றுகின்றன என்று அவள் மேடையேறிப் பேசினாள். அதில் பொய் எதுவும் இல்லை. நகலுக்கு நகல் எடுத்த தாள்கள் வகுப்பறையிலிருந்து காணாமல் போயிருந்தன. கடைசி வரிசைப் பிள்ளைகூடக் கைபேசியில் பாடத்தைத் திறந்து வைத்திருந்தது.

இரண்டாம் ஆண்டு தொடங்கியதும் ரேடியோ அக்காவிடம் ஒரு வேண்டுகோள் வைத்தாள். "பெரியம்மா, காலேஜ்ல என்னைப் பார்த்தா கூப்பிடாதீங்க. எல்லாரும் ஓட்டுறாங்க." அக்காவுக்கு அது நியாயமாகவே பட்டது. கணக்கியல் துறை வளாகத்தின் அந்தக் கோடியில் இருந்தது, அவளுக்கு அந்தப் பக்கம் வேலையும் இல்லை. மாலையில் தங்கை வீட்டுக்குப் போனால் ரேடியோ அன்றைய செய்திகளை வாசிப்பாள். தூங்கி வழியும் வணிகச் சட்ட ஆசிரியர், கால்குலேட்டரைத் தொலைத்துவிட்டு வகுப்பையே சோதனை போட்டவர், ஒரே நாளில் மூன்று பேரிடம் காதலைச் சொன்ன பையன். தங்கை கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். அக்காவும்தான்.

அந்த ஆசிரியர்கள் யாரும் இல்லை. அந்தப் பையனும் இல்லை. ரேடியோ கல்லூரிக்குள் காலெடுத்து வைத்தே மாதங்கள் ஆகியிருந்தன.

தெரியவந்தது தங்கைக்கு. சர்க்கரை அளவு பார்க்க ரத்தம் கொடுக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். வெளிநோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் வரிசை வரிசையாக நாற்காலிகள். அங்கே ஒரு தூணின் ஓரமாகத் தன் மகள் கல்லூரிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவருக்குப் பலகையில் ஓடும் டோக்கன் எண்ணைப் படித்துச் சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். வாசல் காவலாளி, "அந்தப் பாப்பாவா? தினமும் வருமே. பாவம், யாருக்கோ ரொம்ப நாளா வைத்தியம் நடக்குது போல" என்றார்.

பெண்ணுக்கு ஏதோ பெரிய வியாதி, நம்மிடம் மறைக்கிறாள் என்றுதான் தங்கையின் புத்தி போனது. கிட்டே போய் மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி உனக்கு? எங்கிட்ட சொல்லுடி. எதுவா இருந்தாலும் பார்த்துக்கலாம்."

ரேடியோ அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. காலேஜ்தான் இல்ல" என்றாள்.

அன்று மாலை அக்கா அடித்துப் பிடித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை சமையலறை வாசலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ரேடியோ மேசைக்கு முன்னால் இருந்தாள். யாரும் அழவில்லை. அழுது முடித்திருந்தார்கள்.

முதல் ஆண்டிலேயே கணக்கு ஏறவில்லை என்றாள் ரேடியோ. ஒரு பாடத்தில் போனது, பிறகு மூன்றில். அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்யும் நாளில் வாசல் வரை போய்விட்டு, உள்ளே போகக் கால் வரவில்லை. மறுநாள் போகலாம் என்று நினைத்தாள். அந்த மறுநாள் வரவே இல்லை. முதலில் ஊர்ப் பொது நூலகத்தில் உட்கார்ந்தாள், அங்கே தெரிந்தவர்கள் வந்தார்கள். ஆஸ்பத்திரியில்தான் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

"எங்கிட்ட வந்திருக்கலாமேம்மா" என்றாள் அக்கா. "ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் எங்கிட்ட வருது. என் ரூம் கதவு எப்பவும் திறந்துதானே இருக்கு?"

"திறந்துதான் இருந்துச்சு பெரியம்மா. உள்ள நீங்க இருந்தீங்க."

அக்காவுக்கு உடனே புரியவில்லை.

"ஒரு நாள் வந்தேன். ஜன்னல் வழியா பார்த்தேன். ஒரு பையன்கிட்ட பேசிட்டிருந்தீங்க. 'பாதியில விடறவங்க பேரு யாருக்கும் ஞாபகம் இருக்காது'ன்னு சொன்னீங்க. திரும்பிப் போயிட்டேன். அப்புறம் உங்க புக்கைத் திறந்து தேடினேன். முதல் பக்கத்துல இருந்து கடைசி வரைக்கும். எப்படிப் படிக்கணும், எப்படித் தூங்கணும், எப்படி ஃப்ரெண்ட் பிடிக்கணும், எல்லாம் இருக்கு. நிறுத்தணும்னா என்ன செய்யணும்னு மட்டும் இல்ல. சரி, அது யாருமே செய்யாத விஷயம் போல, நான் மட்டும்தான்னு நெனச்சுக்கிட்டேன்."

"பெரியம்மா புத்தகத்துல அதெல்லாம் எதுக்குடி இருக்கப் போகுது?" என்றாள் தங்கை சுவரோரத்திலிருந்து, அக்காவுக்கு ஆதரவாக.

அந்த நிமிடத்தில் அக்கா சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. தங்கை தன் பக்கம் நிற்கிறாள் என்ற அந்தச் சின்ன நிழலை விட்டு வெளியே வர அவளுக்கு மனம் வரவில்லை. "தண்ணி குடுடி" என்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்த உதவியாளர் அவளுக்கு நன்றாகத் தெரிந்தவர். கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பேரை எடுத்தாச்சே மேடம். திரும்ப வரணும்னா முதல்லேருந்து, புது அட்மிஷன்தான்."

"பாஸ் பண்ணின பாடங்கள்?"

"எல்லாம் போச்சு. ஒரு லீவு எழுதிக் குடுத்திருந்தா அப்படியே வெச்சிருப்போம். இடத்தையும்தான். பிள்ளைங்களுக்கு இது தெரியறதே இல்ல மேடம். நீங்கதான் அந்த கிளாஸ்ல சொல்லணும்."

அவர் குத்திக்காட்டவில்லை. இயல்பாகச் சொன்னார். அக்கா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். தன் அறைக்குப் போகாமல் படிக்கட்டில் உட்கார்ந்து கமா சாரைக் கூப்பிட்டாள். அவர் போன பிறகு அவரோடு பேசவே இல்லை. நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவருடைய வழக்கமான இடைவெளி என்று காத்திருந்தாள். இது அதைவிட நீண்டது.

"பொண்ணு இப்போ எப்படி இருக்கா?" என்றார் கடைசியில்.

"இருக்கா சார். அந்தப் பாடம் உங்ககிட்ட இருக்கா? நான் மொத்தமா அழிச்சுட்டேன்."

"அது வெளியிலேயேதான் மேடம் இருக்கு. நான் அப்பவே தனியா போட்டுட்டேன், யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு... தேடினா கிடைக்கும். ஆனா தேடறதுக்கு முதல்ல அப்படி ஒண்ணு இருக்குன்னு தெரியணும் இல்லையா..."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போய் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னாள். பாடம் இருந்தது, நான்தான் எடுத்தேன், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சேதான் எடுத்தியாக்கா?"

"தெரிஞ்சேதான்."

"அன்னிக்கு இவ சொன்னப்போ, நான் உனக்காகப் பேசினப்போ, அப்பவும் தெரியும்?"

"தெரியும்."

தங்கை மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரவில்லை. ரேடியோதான் வாசல் வரை கூட வந்தாள். "அதை எனக்கு அனுப்புங்க பெரியம்மா, படிச்சுப் பார்க்கிறேன்" என்றாள்.

அக்கா பாடத்தைப் பழைய இடத்திலேயே சேர்த்தாள். முதல்வரிடம் சொன்னபோது அவர், "எந்தப் பாடம்?" என்று கேட்டார். கமா சாரின் பெயரைத் திரும்பப் போட அவரிடம் அனுமதி கேட்டாள், கொடுத்தார். தன் பதிப்பை எடுத்துக்கொண்ட கல்லூரிகளுக்கெல்லாம் எழுதினாள். சிலர் சேர்த்துக்கொண்டார்கள். பலர் பதில் போடவில்லை. ஒரு கல்லூரியிலிருந்து மிகவும் மரியாதையாக, தற்போதுள்ள வடிவமே எங்கள் மாணவர்களுக்குப் பொருத்தமாக உள்ளது என்று எழுதியிருந்தார்கள். அதைப் படிக்கும்போது தன் குரலையே கேட்பது போல இருந்தது. அவர்களைக் கட்டாயப்படுத்த அவளுக்கு எந்த உரிமையும் இல்லை. கொடுத்தது கொடுத்ததுதான்.

புதுப் பருவத்தில் அந்தப் பாடம் வந்த நாளன்று அவள் வழக்கத்தைவிட முன்னதாகவே வகுப்புக்குப் போனாள். என்ன சொல்ல வேண்டும் என்று வீட்டிலேயே யோசித்து வைத்திருந்தாள். தலைப்பைப் படித்ததும் முன்வரிசையில் ஒருவன் கையைத் தூக்கினான்.

"மேடம், இது எக்ஸாம்ல வருமா?"

"வராது."

அறை முழுவதும் விரல்கள் திரையைத் தள்ளி அடுத்த பாடத்துக்குப் போயின. அவள் அவர்களைத் திரும்ப வரச் சொன்னாள். வந்தார்கள், மேடம் சொன்னதற்காக.

ரேடியோ மறுபடி கல்லூரியில் சேரவில்லை. சேர்த்துவிடட்டுமா என்று அக்கா இருமுறை கேட்டாள், மூன்றாவது முறை கேட்கத் தங்கை விடவில்லை. அந்தப் பெண் இப்போது வெளியூரில் அத்தை வீட்டில் தங்கி, அந்த ஊரில் ஒரு மருந்து மொத்த வியாபாரியிடம் சரக்குப் பிரித்து அடுக்கும் வேலை பார்க்கிறாள். வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டால், "போகுது பெரியம்மா" என்கிறாள். இந்த முறை அக்கா விடுவதில்லை, போகுதுன்னா என்ன என்று கேட்கிறாள். ரேடியோ ஏதோ சொல்கிறாள். முன்பு போல நீட்டி முழக்கிச் சொல்வதில்லை.

தங்கை பேசுகிறாள். காய்ச்சல், கேஸ் சிலிண்டர், யார் வீட்டில் என்ன என்று எல்லாம் பேசுகிறாள். மகளைப் பற்றி எதையும் அக்காவிடம் கலந்துகொள்வதில்லை. முன்பெல்லாம் ஒரு செருப்பு வாங்குவதற்குக்கூட "அக்காவைக் கேட்டுச் சொல்றேன்" என்பாள்.

சில மாதங்களுக்கு முன் புத்தகத்தின் புதிய பதிப்புக்கு அக்கா வேலை தொடங்கினாள். எட்டாவது பாடத்தில் உண்மையாக நடந்த ஒரு கதை இருந்தால் பிள்ளைகள் தள்ளிவிட்டுப் போகமாட்டார்கள் என்று தோன்றியது. நாள்கணக்கில் தயங்கிவிட்டு ரேடியோவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"பேரு போடமாட்டேன். ஊரு, ஆஸ்பத்திரி எதுவும் வராது. நீ சொல்ற மாதிரியே எழுதறேன். படிச்சுப் பார்த்து நீ சரின்னு சொன்னாத்தான்."

ரேடியோவின் பின்னால் யாரோ பெட்டிகளை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அந்தப் பாடம் படிச்சேன் பெரியம்மா. நல்லாத்தான் எழுதியிருக்கார். வீட்ல எப்படிச் சொல்றதுன்ற இடத்துல 'நிதானமாகச் சொல்லுங்கள்'னு போட்டிருக்கார். அது மட்டும் முடியாது. யாராலயும் முடியாது. அதை வேணா மாத்தச் சொல்லுங்க."

"சொல்றேன். மத்தது?"

"மத்தது வேண்டாம்."

"சரிம்மா."

"கோவம்லாம் இல்ல" என்றாள் ரேடியோ. "நீங்க போட்டா அது எல்லாருக்கும் போகும். யாரு வேணும்னாலும் எடுப்பாங்க, வெட்டுவாங்க, ஒட்டுவாங்க. அது என்னோடது பெரியம்மா. எங்கிட்டயே இருக்கட்டும்."

சரக்கு வண்டி வந்துவிட்டது என்று சொல்லி அவள் போனை வைத்தாள். அக்கா கமா சாரிடம் கேட்டுக்கொண்டு, கணினியைத் திறந்து 'நிதானமாக' என்ற சொல்லை எடுத்தாள். அந்த இடத்தில் வேறு என்ன போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. 'சொல்லுங்கள்' என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.